மருந்தா, குண்டா? நெடுந்தூர இலக்குச் சுடுதலில் தீராத ஒரு வழக்கு

துப்பாக்கிக் குழலை விட்டு வெளியேறும் குண்டு, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் நிற்கும் இலக்கில் அடுத்தடுத்து ஏறக்குறைய ஒரே இடத்தில் தைக்க வேண்டுமானால், அதைத் தள்ளும் மருந்தை முதலில் சரிப்படுத்த வேண்டுமா, தள்ளப்படும் குண்டையா என்ற கேள்விக்கு ஏறத்தாழ 280 வயதாகிறது. தோட்டா என்பது நான்கு உறுப்புகள் சேர்ந்தது: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி எழுப்பும் பிரைமர், கூட்டுக்குள் மருந்து, வாயில் செருகிய குண்டு. ஆலையில் செய்த தோட்டாவை அப்படியே வாங்கிச் சுடாமல், சுட்டு முடித்த கூட்டை எடுத்து மற்ற மூன்றையும் தன் விருப்பப்படி தேர்ந்து கையால் நிரப்பிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் போட்டியாளரிடையே வேரூன்றியிருக்கிறது. இவர்கள் சுடும் தொலைவு பெரும்பாலும் 800, 900, 1,000 கஜம். 1,000 கஜம் என்பது 914 மீட்டர்.

இந்தியாவில் இவ்வழக்கம் ஏறத்தாழ இல்லை. எனினும் இக்கேள்வியின் வரலாறு தமிழ்நாட்டை மூன்று இடங்களில் தொட்டுச் செல்கிறது. கேள்வியை முதன்முதலில் அளவீட்டோடு எழுப்பியவர் கடலூரில் இறந்தார். மருந்தின் தரப்பு நீலகிரியின் அரவங்காட்டில் ஆலையாக எழுந்தது. குண்டின் தரப்பைச் சேர்ந்த இரு எதிரெதிர் விடைகள் சென்னையை அடுத்த ஆவடியில், ஒரே தொழிற்சாலையில் உருவாகின்றன.

ராபின்ஸ் விட்டுச்சென்ற இரண்டு விடைகள்

ஆங்கிலேயக் கணிதவியலாளர் பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் வெளியிட்ட பீரங்கியியல் நூலுக்கு முன்பு, குண்டின் வேகத்தை அளக்கத் தக்க வழி எதுவும் இருக்கவில்லை. கனமான மரப்பலகையை ஊசலாகத் தொங்கவிட்டு, அதில் குண்டைப் பாய்ச்சி, ஊசல் எவ்வளவு பின்னோக்கி நகர்கிறது என்பதைக் கொண்டு வேகத்தைக் கணக்கிட்ட அவர், ஊசலை வெவ்வேறு தொலைவுகளில் நிறுத்திச் சுட்டபோது எதிர்பாராத ஒன்றைக் கண்டார். காற்று குண்டுக்குத் தரும் தடை, அன்றைய அறிஞர்கள் நியூட்டனை ஒட்டிக் கணித்திருந்ததைவிடப் பன்மடங்கு பெரிதாக இருந்தது. குறிப்பாக, ஒலியின் வேகத்தை ஒட்டிய இடத்தில் தடை திடீரென உயர்ந்தது. குழலுக்குள் மருந்து தரும் வேகம் எவ்வளவு பெரிதாயினும், அதில் பெரும்பங்கைக் காற்று விரைவில் பறித்துக்கொள்கிறது என்பதே இதன் பொருள். குண்டின் தரப்பு இங்கிருந்து தொடங்குகிறது எனலாம்.

மருந்தின் தரப்புக்கும் அவரே வித்திட்டார். எரிந்த மருந்து விரியும் வளியாக மாறுகிறது, அவ்வளியின் அழுத்தத்தைக் கொண்டு வெளியேறும் வேகத்தை முன்கூட்டியே கணக்கிடலாம் என்று அவர் வாதிட்டார். ஆனால், குண்டு நகரத் தொடங்குவதற்குள் மருந்து முழுவதும் எரிந்துவிடுகிறது என்ற எடுகோளை இக்கணக்கு தாங்கி நின்றது. மருந்தின் மணிகள் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காகவே எரிகின்றன என்பது 19ஆம் நூற்றாண்டில் தெளிவானபோது அந்த எடுகோள் சரிந்தது. 1745-இல் அந்நூலை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்து நீண்ட உரையும் எழுதிய கணிதவியலாளர் ஆய்லர் வேறொரு புள்ளியில் அவரோடு முரண்பட்டார். சுழலும் குண்டு காற்றில் பக்கவாட்டில் விலகுவதற்குச் சுழற்சியே காரணம் என்றார் ராபின்ஸ். குண்டின் வடிவக் கோளாறே காரணம் என்றார் ஆய்லர். இவ்விஷயத்தில் பிற்காலம் ராபின்ஸின் பக்கமே நின்றது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக, பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1749-இல் மீண்ட சென்னையின் கோட்டையையும் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையையும் சீரமைக்க 1750-இல் வந்த ராபின்ஸ், மறு ஆண்டு ஜூலை 29 அன்று புனித டேவிட் கோட்டையிலேயே காய்ச்சலில் இறந்தார். குண்டைச் சுழலவிடும் வரித்தடம் வெட்டிய குழலைச் செம்மைப்படுத்தும் நாடு போர்க்களத்தில் பிறரை விஞ்சும் என்று 1747-இல் அவர் கூறிய கணிப்பு பலிக்க ஒரு நூற்றாண்டு பிடித்தது.

மருந்தின் தரப்பு

1884-இல் பால் வியெய் பிரான்சில் உருவாக்கிய புகையில்லா மருந்து, கரிமருந்தின் நீண்ட ஆட்சியைச் சில ஆண்டுகளில் முடித்துவைத்தது. நைட்ரோசெல்லுலோஸை அடிப்படையாகக் கொண்ட அம்மருந்தை இழையாகவும் குழாயாகவும் தகடாகவும் வார்க்க முடிந்ததால், எரியும் பரப்பைக் கட்டுப்படுத்தி, குண்டு குழலில் நகர்ந்துகொண்டிருக்கும்போதே அழுத்தம் எப்போது ஏற வேண்டும், எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்று ஓரளவு திட்டமிடலாம் என்றாயிற்று. கனத்த குண்டுக்கு மெதுவாக எரியும் மருந்து, இலேசான குண்டுக்கு விரைந்து எரிவது என்ற அடிப்படை விதி இங்கிருந்தே வருகிறது. அவ்விதியை மீறினால் குழலுக்குள் அழுத்தம் எல்லை கடக்கலாம். எனவே மருந்து ஆலைகள் வெளியிடும் அட்டவணைகளை விட்டு விலகாதிருப்பதைக் கையால் நிரப்புவோர் தம் தொழிலின் முதல் ஒழுங்காகக் கொள்கின்றனர்.

பிரிட்டனில் 1889-இல் உருவான கார்டைட் வேறு வகை. ஏபெல், டூவர் இருவரும் நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் கலந்து உருவாக்கிய இம்மருந்து மிக வெப்பமாக எரிந்து குழலை அரித்தது. தென்னாப்பிரிக்கப் போரின் அனுபவத்துக்குப் பிறகு நைட்ரோகிளிசரினின் பங்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்த புதிய கலவை வந்தது. அரவங்காட்டுக் கார்டைட் ஆலை எழுந்தது இக்கட்டத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது.

நெடுந்தூரச் சுடுதலில் மருந்தின் தரப்புக்குள்ள வலுவான வாதம் வேகத்தின் ஒருமை. வேகம் நூற்றுக்கு ஒன்று மாறினால் 100 மீட்டரில் குண்டு விழும் உயரம் ஒரு மில்லிமீட்டர் அளவே மாறும்; அதே மாற்றம் 1,000 கஜத்தில் ஏறக்குறைய ஒரு சாண் ஆகிவிடும். 100 மீட்டரில் குண்டுகளை நெருக்கமாகத் தைக்கவைக்கும் தோட்டா நெடுந்தூரத்தில் மேலும் கீழும் சிதறுவதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை. ஆனால் இவ்வாதம் மருந்தின் வகையைப் பற்றியது என்பதைவிட, மருந்தை எடைபோடும் கவனம், கூடுகளின் கொள்ளளவு, பிரைமரின் ஒருமை ஆகியவற்றைப் பற்றியது என்பதே பொருத்தம். சிறந்த மருந்தும் கவனமின்றி நிரப்பினால் சிதறும். நடுத்தர மருந்தும் கவனமாக நிரப்பினால் போட்டிக்கு உதவும்.

குண்டின் தரப்பு

ஈயக் குண்டை நீள்வடிவாக்கியதும், செம்பு உறை போர்த்தியதும், 1898-இல் பிரான்சும் 1905-இல் ஜெர்மனியும் முனையைக் கூராக்கியதும், வாலைப் படகுபோல் ஒடுக்கியதும் காற்றுத்தடையைக் குறைக்கும் ஒரே நோக்கத்தின் படிகள். தடையை எவ்வளவு வெல்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு எறியியல் கெழு என்று பெயர். குண்டின் எடையையும் விட்டத்தையும் வடிவத்தையும் சேர்த்து, ஏதேனும் ஒரு மாதிரிக் குண்டோடு ஒப்பிட்டு இதைக் கணக்கிடுகின்றனர். பழைய மாதிரி தட்டையான அடியும் மழுங்கிய முனையும் கொண்டது. இன்றைய நீண்ட குண்டுகளுக்கு அது பொருந்தாது என்பதால், பிரையன் லிட்ஸ் போன்றோர் படகுவாலுள்ள மற்றொரு மாதிரியை வலியுறுத்தி அளவீடுகள் வெளியிட்ட பிறகே கெழு எண்கள் ஓரளவு நம்பத் தக்கனவாயின. அதுவரை ஆலைகள் அச்சிட்ட எண்களில் விளம்பரமும் கலந்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

குண்டை நீட்டினால் தடை குறையும். ஆனால் நிலைப்படுத்த வேகமான சுழற்சி வேண்டும். மெல்லச் சுழலும் பம்பரம் தள்ளாடுவதைப்போலப் போதிய சுழற்சி இல்லாத குண்டு தலைகுப்புறப் புரளும். குழலில் எத்தனை அங்குலத்துக்கு வரித்தடம் ஒரு முறை திரும்ப வேண்டும் என்பதற்கு கிரீன்ஹில் 1879-இல் தந்த எளிய சூத்திரமும், டான் மில்லர் பிற்காலத்தில் செய்த திருத்தமும் இன்றும் பயன்படுகின்றன. இத்தரப்பின் படிப்பினைக்குச் சிறந்த சான்று சியரா நிறுவனத்தின் 168 கிரெயின் எடையுள்ள .308 குண்டு (ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம்). 300 மீட்டர் பன்னாட்டுப் போட்டிக்கென வடித்த அது அத்தொலைவில் நெடுங்காலம் தலைசிறந்ததாக விளங்கியது. எனினும் 1,000 கஜத்தை நெருங்குகையில், வேகம் ஒலியின் வேகத்துக்கு இறங்கும் கட்டத்தில், அதன் சாய்வு மிகுந்த வாலமைப்பால் நிலைதடுமாறுகிறது. ஒரு தொலைவின் சிறந்த குண்டு மற்றொரு தொலைவில் தகுதியிழக்கிறது என்பதால், தொலைவைச் சொல்லாமல் சிறந்த குண்டு எது என்று கேட்பதில் பொருளில்லை.

பிராங்க்ளின் மான் 1909-இல் வெளியிட்ட ஆய்வு இத்தரப்பின் மற்றொரு கிளை. நூற்றுக்கணக்கான சோதனைகளுக்குப் பின், குண்டின் அடிப்பகுதியில் உள்ள சிறு கோணலே சிதறலின் முதன்மைக் காரணம் என்று அவர் முடிவுகட்டினார். வெளியேறும் வளி கடைசியாகத் தொட்டுத் தள்ளுவது அடிப்பகுதியை என்பதால் இம்முடிவு ஏற்கத் தக்கதே. இன்று உறை செய்யும் இயந்திரங்கள் நேர்த்தியடைந்துவிட்டதால் அக்கோணலின் பங்கு சுருங்கியிருக்கலாம். முற்றிலும் மறைந்தது என்று எவரும் காட்டியதில்லை.

குழலின் அதிர்வு: மூன்றாவது விடை

மருந்தும் குண்டும் தனித்தனியாக அல்ல, இரண்டும் சேர்ந்து குழலை எப்படி அதிரச் செய்கின்றன என்பதே கேள்வி என்போர் மூன்றாவது அணியினர். குண்டு குழலில் ஓடும் ஓரிரு மில்லி நொடிகளில் குழல் வளைந்து ஆடுகிறது. குழல்வாய் மேல்நோக்கி நகரும் கட்டத்தில் குண்டு வெளியேறினால், சற்று மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக, அதனால் சற்று உயர்ந்த கோணத்தில் கிளம்பி, வேகக் குறைவை ஈடுகட்டிவிடும். பழைய .303 லீ-என்பீல்டு துப்பாக்கி நெடுந்தூரத்தில் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் சுட்டதை இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்துப் போட்டியாளர்கள் இவ்வாறே விளக்கினர். இந்த ஈடுகட்டல் ஒரு தொலைவுக்கே பொருந்தும் என்பதை அவர்களும் அறிந்திருந்தனர்: 1,000 கஜத்தில் உதவும் அதே அதிர்வு 200 கஜத்தில் சிதறலைக் கூட்டும்.

இக்கருத்திலிருந்து பிறந்ததே இன்று பரவலாகக் கையாளப்படும் படிமுறைச் சோதனை. மருந்தின் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே சுட்டு, அடுத்தடுத்த எடைகளில் குண்டுகள் ஒரே உயரத்தில் விழும் பகுதியைக் கண்டறிந்து, அங்கே நின்றுவிட வேண்டும் என்பது அதன் சாரம். கிரெய்ட்டன் ஆடெட் ஏணிச் சோதனையாக இதை அறிமுகப்படுத்தினார். டான் நியூபெரி சற்று வேறுபட்ட வடிவம் தந்தார்.

இம்முறையின் பலவீனம் இயற்பியலில் அல்ல, எண்ணிக்கையில் இருக்கிறது. ஒவ்வொரு எடைக்கும் மூன்று அல்லது ஐந்து குண்டுகள் மட்டுமே சுடுவது வழக்கம். ஐந்து குண்டுகளிலிருந்து கணக்கிட்ட வேகத் திட்ட விலக்கம் நொடிக்கு 3 மீட்டர் என்றால், உண்மையான விலக்கம் 1.8 மீட்டருக்கும் 8.6 மீட்டருக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதே புள்ளியியல் தரும் 95 விழுக்காட்டு உறுதி. முப்பது குண்டுகள் சுட்டாலும் உண்மை மதிப்பு அளந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருக்க இடமுண்டு. ஆகவே ஏணிச் சோதனையில் தெரியும் சமதளங்களில் எத்தனை குழலின் இயல்பைக் காட்டுகின்றன, எத்தனை தற்செயலாக விழுந்தவை என்று பிரித்துச் சொல்வது கடினம். அதே சோதனையை மறுநாள் செய்து சமதளம் அதே எடையில் மீண்டும் வருகிறதா என்று பார்ப்பதே நேரிய தேர்வு. அத்தேர்வைச் செய்பவர் குறைவு. குழலின் ஆயுள் சில ஆயிரம் குண்டுகளே என்பதால், ஐயம் தீரும்வரை சுட்டால் போட்டிக்குக் குழல் மிஞ்சாது என்ற எதிர்வாதத்தையும் புறந்தள்ள இயலாது.

வெயிலும் காற்றும்

மருந்து வெப்பமேறினால் விரைந்து எரியும்; ஆகவே மாசி மாதக் காலையில் சரிப்படுத்திய தோட்டா கத்திரி வெயிலில் வேறு உயரத்தில் தைக்கும். இவ்வேறுபாட்டைக் குறைப்பதாகக் கூறும் மருந்துகளை ஆஸ்திரேலிய ஆலையொன்று செய்து உலகெங்கும் விற்கிறது. வெப்ப வேறுபாட்டை முற்றிலும் நீக்கிய மருந்து இன்னும் இல்லை. ஈரம் வேறு வகையில் குறுக்கிடுகிறது: திறந்து வைத்த மருந்து கடலோர ஈரத்தை உறிஞ்சினால் மெதுவாக எரியும். ஈரக்காற்று கனமானது, ஆகவே குண்டை அதிகம் தடுக்கும் என்ற பரவலான எண்ணம் மட்டும் தவறு. ஈரக்காற்று உலர்காற்றைவிட இலேசானது, இவ்வேறுபாடும் பொருட்படுத்தத் தக்கதன்று. உயரத்தின் விளைவு பெரிது. குன்னூர்ப் பகுதியின் காற்று சென்னைக் காற்றைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. சென்னையில் பாதி வழியில் தள்ளாடும் குண்டு அங்கு நெடுந்தொலைவு நிலைத்துச் செல்லக்கூடும்.

பக்கக் காற்று இவை அனைத்தையும் மிஞ்சுகிறது. வழக்கமான .308 போட்டிக் குண்டை நொடிக்கு ஒரு மீட்டர் வேகமுள்ள மெல்லிய காற்றே 1,000 கஜத்தில் அரை மீட்டர் அளவுக்கு ஒதுக்கிவிடும். சென்னையின் மேற்குப் புறநகரில் பிற்பகலில் கடற்காற்று புகும்போது நிகழும் திசைமாற்றத்தோடு ஒப்பிட்டால், மருந்தில் கால் கிரெயின் கூடியதா குறைந்ததா என்ற கவலை சிறிதாகிவிடுகிறது. குண்டின் தரப்பு வலுப்பெறுவது இங்கேதான்: எறியியல் கெழு உயர்ந்த குண்டு, காற்றைத் தவறாகக் கணித்தவரின் பிழையையும் குறைத்துத் தருகிறது, மருந்தால் அந்த அளவுக்கு அதைச் செய்ய முடியாது.

ஆவடியில் அடுத்தடுத்து நிற்கும் இரு விடைகள்

ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் அர்ஜுன் பீரங்கி வண்டியின் 120 மி.மீ. குழலில் வரித்தடங்கள் உண்டு. அங்கேயே உருவாகும் டி-90 வண்டியின் 125 மி.மீ. குழல் வழவழப்பானது. முதலாவது, எறிகணையைச் சுழற்றி நிலைப்படுத்தும் ராபின்ஸின் மரபைத் தொடர்கிறது. இரண்டாவது, வாலில் இறக்கை பொருத்தி அம்புபோல் நிலைப்படுத்துகிறது. கவசத்தைத் துளைக்கும் நீண்ட டங்ஸ்டன் தண்டுகள் சுழற்சியை விரும்பாதவை என்பதால், வரித்தடக் குழலிலிருந்து எறியும்போது சுழற்சியைத் தண்டுக்குக் கடத்தாத நழுவு வளையம் தேவைப்படுகிறது. அத்தண்டுகளுக்கான கன உலோகக் கலவை திருச்சியில் உருவாகிறது. ஈயத்தைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியுள்ள பொருளைக் குறைந்த விட்டத்தில் நீட்டுவது, இலக்குச் சுடுவோர் குண்டைத் தேரும் அதே கணக்கின் இறுதி எல்லை. இன்றைய பீரங்கி வண்டிகளின் குறிபார்க்கும் கணினிகள் மருந்தின் வெப்பநிலையையும் கணக்கில் சேர்ப்பது, கத்திரி வெயில் சிக்கல் அளவில் பெரிதானாலும் தன்மையில் மாறுவதில்லை என்பதைக் காட்டுகிறது.

சட்டமும் தொகுதித் தேர்வும்

1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் வெடிபொருள் என்பதன் வரையறைக்குள் தோட்டாவின் பாகங்களையும், அதைச் செய்யும் இயந்திரங்களையும் சேர்த்திருக்கிறது. உரிமமின்றி அவற்றைச் செய்ய முடியாது. எனவே பிற நாடுகளில் வீட்டுப் பட்டறைப் பொழுதுபோக்காக இருப்பது இங்கு அவ்வாறு இல்லை. விந்தை என்னவெனில், ஒவ்வொரு முறையும் கையால் நிரப்பிச் சுடும் பழைய வழக்கம் தமிழ்நாட்டின் மலையடி ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி வடிவில் நெடுங்காலம் நீடித்தது: கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் குழல்வாய் வழியாகவே இறங்கின. அங்கு மருந்தின் அளவைத் தீர்மானித்தது கைப்பழக்கம். விபத்துகளுக்கும் அதுவே காரணமாயிற்று.

போட்டியாளரின் நிலை வேறு. இந்தியாவில் பெருவழக்கான 50 மீட்டர் போட்டிக்குரிய .22 தோட்டாவில் பொறிமருந்து கூட்டின் விளிம்பிலேயே அடைபட்டிருப்பதால் அதை மீண்டும் நிரப்ப இயலாது. ஆகவே உயர்நிலை வீரர்கள் பர்மிங்காமில் உள்ள ஈலி, ஜெர்மனியின் ஷோனபெக்கில் உள்ள லாப்புவா போன்ற சோதனைக்கூடங்களில் தங்கள் குழலைப் பிடியில் பூட்டி, ஆலையின் வெவ்வேறு தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, குழலுக்கு இசைந்த தொகுதியை மொத்தமாக வாங்குகின்றனர். மருந்து எது, குண்டின் அளவு எவ்வளவு என்பதை அறியாமலேயே இரண்டையும் சேர்த்துத் தேரும் முறை இது. பிஸ்லியில் எல்லோருக்கும் ஒரே தோட்டாவை வழங்கிச் சுடவைத்த பிரிட்டிஷ் மரபுக்கும், எல்லாவற்றையும் தானே தேரும் அமெரிக்க மரபுக்கும் இடைப்பட்டது எனலாம். ஒவ்வொரு தொகுதியையும் கூடுதலான குண்டுகளால் சோதிக்கும் இம்முறை, மூன்று குண்டு ஏணிச் சோதனையைவிடப் புள்ளியியல் நோக்கில் உறுதியானது என்பதைக் கையால் நிரப்புவோர் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

எஞ்சி நிற்பவை

சான்றுகளை ஒருசேரப் பார்க்கையில், தொலைவு 600 கஜத்தைத் தாண்டியதும் குண்டின் வடிவத் தேர்வே முதன்மை என்பதும், மருந்தின் வகையைவிட அதன் ஒருமையும் வெப்பநிலை உறுதியும் முக்கியம் என்பதும் ஓரளவு துணிந்து சொல்லத் தக்கவை. குழலின் அதிர்வு உண்மை; ஆனால் மருந்தின் எடையைச் சிறிது மாற்றி அதை வசப்படுத்த முடிகிறது என்ற கூற்றுக்குப் பெரிய அளவிலான, மீளச் செய்து பார்த்த சோதனைகள் போதவில்லை. மிகக் குறைந்த அளவில் இட்ட மெதுவான மருந்து சில வேளைகளில் எதிர்பாராத உயரழுத்தம் தருவதாக வரும் செய்திகளுக்கும் ஒருமனதான விளக்கம் கிட்டவில்லை. ஒலியின் வேகத்தைக் கடந்து இறங்கும் கட்டத்தில் எந்தக் குண்டு நிலைத்திருக்கும் என்பதைக் கணினிக் கணக்கு தோராயமாகவே சொல்கிறது. இன்றும் அதை முடிவுசெய்வது, தடுமாறிய குண்டு இலக்குத் தாளில் பக்கவாட்டாகக் கிழித்த நீள்துளைதான்.